கரி வணிகர் வீட்டு மாடியில் 36 ஆண்டுகள்

இலண்டன் மாநகரின் வடபால் கிளார்கன்வெல் என்னும் பழம்பகுதி உள்ளது. அங்கே ஜெருசலேம் சந்து என்று ஒரு குறுகிய நடைவழி. புனித யோவான் துறவியர் மடத்தின் நினைவைப் பெயரிலே தாங்கி நிற்கும் அச்சந்து எய்ல்ஸ்பரி தெருவைச் சந்திக்கும் மூலையில், 17ஆம் நூற்றாண்டில் குதிரை லாயம் ஒன்று இருந்தது. அதனை வாடகைக்கு எடுத்து வீடாக மாற்றிக்கொண்டவர் தெருத்தெருவாக அடுப்புக்கரி கூவி விற்றவர். அவ்வீட்டின் கீழ்த்தளம் கரிக்கிடங்கு. மேல்தளம் இசைக்கூடம். 1678ஆம் ஆண்டு தொடங்கி 1714 வரை, 36 ஆண்டுகள், வியாழக்கிழமைதோறும் அக்கூடத்தில் இசை ஒலித்தது. கரி வணிகரின் பெயர் தாமஸ் பிரிட்டன்.

மேலை இசை வரலாற்றில் பரோக் காலம் என்று குறிக்கப்பெறுவது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையுள்ள காலம். அக்காலத்து இசையை அரண்மனைகளோடும் தேவாலயங்களோடும் சேர்த்து எண்ணுவதே வழக்கமாகிவிட்டது. அரசர் படியளக்க, ஆலயம் இடமளிக்க, இசை வளர்ந்தது என்பது பொதுவான சித்திரம். அது பொய்யான சித்திரம் அன்று. ஆனால் முழுச் சித்திரமும் அன்று. வீடுகளில் வளர்ந்த இசை ஒன்று உண்டு. அதனை அறையிசை என்பர். அவ்வறையிசையின் வரலாற்றில் கரிக்கிடங்கின் மாடிக்கு உரிய இடம் பெரிது.

இளமையும் தொழிலும்

தாமஸ் பிரிட்டனார் 1644ஆம் ஆண்டு நார்த்தாம்ப்டன்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே இலண்டனுக்கு வந்து, கிளார்கன்வெல் பகுதியில் சிறுகரி விற்பவர் ஒருவரிடம் ஏழாண்டுகள் தொழில் பழகினார். சிறுகரி என்பது விறகை எரித்துக் கிடைக்கும் கரியின் சிறு துண்டுகள். அடுப்பு மூட்டுவதற்குப் பயன்படுவது. பழகு காலம் முடிந்ததும், தமக்குப் போட்டியாகக் கடை வைக்கலாகாது என்று முதலாளி அவருக்கு ஒரு தொகை கொடுத்தனுப்பினாராம். ஊருக்குத் திரும்பிய பிரிட்டனார், அப்பணம் கரைந்ததும் மீண்டும் இலண்டன் வந்து அதே தொழிலைத் தொடங்கினார். முதலாளி அப்போதும் உயிரோடுதான் இருந்தார் என்று வரலாற்றாசிரியர் சர் ஜான் ஹாக்கின்ஸ் குறிப்பிடுகிறார். 1776இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவருடைய இசை வரலாற்று நூலே பிரிட்டனாரைப் பற்றிய செய்திகளுக்குப் பேரூற்று.

பிரிட்டனார் காலையில் நீலநிற மேலங்கி அணிந்து, தோளில் கரி மூட்டையும் கையில் அளவு படியுமாகத் தெருக்களைச் சுற்றி வருவார். மூட்டை தீர்ந்ததும் வீடு திரும்பிக் குளித்து உடை மாற்றிக்கொள்வார். அதன்பின் அவர் வேறொரு மனிதர். அண்டை வீட்டில் வாழ்ந்த மருத்துவரின் நட்பால் வேதியியலில் ஈடுபட்டார். தம் கையாலேயே சிறிய ஆய்வுக்கூடம் அமைத்தார். இசையைத் தாமே கற்றார். பழைய நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தார்.

நூல் தேட்டம் அவரை எங்கெங்கோ கொண்டு சேர்த்தது. குளிர்காலச் சனிக்கிழமைகளில், இலண்டன் நூல் வணிகர் தெருவிலிருந்த ஒரு புத்தகக் கடையில், நூல் சேர்ப்பதில் பெருவேட்கை கொண்ட பிரபுக்கள் சிலர் கூடுவது வழக்கம். ஆக்ஸ்போர்டு பிரபு, சண்டர்லாந்து பிரபு, பெம்புரோக் பிரபு முதலியோர் அக்கூட்டத்தில் அடங்குவர். ஆக்ஸ்போர்டு பிரபுவான ராபர்ட் ஹார்லி சேர்த்த சுவடிகளே பின்னர் 1753இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அடித்தொகுப்புகளுள் ஒன்றாயின. ஹார்லியும் சண்டர்லாந்தும் அரசியலில் எதிர்க்கட்சியினர். ஆயினும் நூல்களின் முன்னே இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். கரி மூட்டையைக் கடையின் முன்மேடையில் இறக்கி வைத்துவிட்டு, நீல அங்கியோடு உள்ளே வந்து அந்தப் பேச்சில் கலந்துகொள்வார் பிரிட்டனார். எந்த நூலின் எந்தப் பதிப்பு அரிது, எத்துண்டறிக்கை எவர் கையில் உள்ளது என்று சொல்ல வல்லவர் அவர். சோமர்ஸ் தொகுப்பு என்று பின்னாளில் புகழ்பெற்ற துண்டறிக்கைகளுள் பெரும்பகுதி அவர் திரட்டிக் கொடுத்ததே என்பர்.

இசை வீட்டுக்குள் புகுந்த காலம்

லாயத்து மாடியில் இசை எழுந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. பிரிட்டனார் பிறந்த 1644 இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1642இல், நாடாளுமன்றம் நாடகக் கொட்டகைகளை மூடிவிட்டது. 1644இல் தேவாலயங்களிலிருந்து ஆர்கன்களை அகற்ற ஆணை பிறந்தது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டார். அரசவையோடு அரசவை இசைக்குழுவும் கலைந்தது. கோயிலும் கொட்டகையும் கொலுமண்டபமும் ஒருங்கே கதவடைத்தால் இசைவாணர் எங்கே போவர்? வீடுகளுக்குள் போயினர். கற்றோர் இல்லங்களில் ஆசிரியராக அமர்ந்தனர். இசை விரும்பிகள் தம் வீடுகளில் நாலைந்து பேராகக் கூடி வாசித்தனர். தடை இசையை அழிக்கவில்லை, இடம் மாற்றியது.

இதற்கு ஒரு சான்று, பிரிட்டனாரின் கூட்டத்தைத் தொடங்கத் தூண்டியவர் என்று சொல்லப்படும் சர் ரோஜர் லெஸ்ட்ரேஞ்சின் வாழ்விலேயே உண்டு. மன்னராட்சிப் பற்றாளரான அவர், கிராம்வெல் ஆட்சியின்போது ஒரு வீட்டிலிருந்து ஆர்கன் ஒலி வரக் கேட்டு உள்ளே சென்றார். ஐந்தாறு பேர் வாசித்துக்கொண்டிருந்தனர். அவரும் வயோல் ஒன்றை எடுத்துக் கலந்துகொண்டார். அச்சமயம் கிராம்வெல்லே அவ்வீட்டுக்குள் வந்தார். வாசிப்பைத் தடுக்காமல் கேட்டார். இதனைப் பிற்காலத்தில் எதிரிகள் திரித்து, லெஸ்ட்ரேஞ்சை ஆலிவரின் பிடில்காரர் என்று ஏசினர். அவரே இவ்வரலாற்றை எழுதித் தம்மை விளக்க நேர்ந்தது.

1660இல் மன்னராட்சி மீண்டது. ஆயினும் அரசவையின் கருவூலம் வறண்டிருந்தது. இசைவாணர்களின் ஊதியம் ஆண்டுக்கணக்கில் நிலுவையாயிற்று. அந்நெருக்கடியில்தான், அரசவை வயலின் கலைஞராக இருந்த ஜான் பானிஸ்டர் 1672ஆம் ஆண்டு இறுதியில் தம் வீட்டில் நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு, ஒரு ஷில்லிங் கட்டணத்தில், இசை நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். கட்டணம் செலுத்திய எவரும் நுழைந்து கேட்கலாம் என்னும் வழக்கம் அங்கே பிறந்தது. அதற்கு ஆறாண்டுகளுக்குப் பின்னர் பிரிட்டனாரின் மாடி திறந்தது.

மாடிக் கூடம்

அம்மாடியின் அமைப்பை அண்டையில் வாழ்ந்த எழுத்தாளர் நெட் வார்டு, மன்றங்களைப் பற்றிய தமது நூலில் நகைச்சுவையோடு வருணித்துள்ளார். வீட்டின் வெளிப்புறத்தில் ஏணி போன்ற படிக்கட்டு. அதில் ஏறுவதே ஒரு சோதனை. மேலே நீண்டு ஒடுங்கிய கூடம். கூரையோ உயரமான மனிதர் நிமிர்ந்து நிற்க மட்டும் இடங்கொடுக்கும். சன்னல்கள் மிகச் சிறியவை. அக்கூடத்துள் ஐந்து நிறுத்துக்கோல் கொண்ட சிறிய ஆர்கன் ஒன்றும், புகழ்பெற்ற ருக்கர்ஸ் பட்டறையில் உருவான விர்ஜினல் ஒன்றும் இருந்தன. விர்ஜினல் என்பது ஹார்ப்சிகார்டின் சிறிய வடிவம். தந்தியை இறகுமுனை மீட்டும் விசைப்பலகைக் கருவி. வயோலும் வயலினும் பலவாக இருந்தன.

இந்தப் படியில்தான் அக்காலத்து உயர்குடியினர் ஏறினர். அழகுக்குப் பேர்போன குவீன்ஸ்பெரி கோமகள் அங்கே வருபவருள் ஒருவர் என்று ஹாக்கின்ஸ் பதிந்துள்ளார். லீட்ஸ் நகரத்துப் பழம்பொருள் ஆய்வாளர் ரால்ஃப் தோர்ஸ்பி 1712இல் இலண்டன் வந்தபோது அங்கே சென்று இசை கேட்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

தொடக்கத்தில் கட்டணம் இல்லை. பின்னர் ஆண்டுச் சந்தா பத்து ஷில்லிங் என்றும், காப்பி கோப்பைக்கு ஒரு பென்னி என்றும் வரையறை ஏற்பட்டது. பானிஸ்டரின் வீட்டில் பத்து நாள் கேட்பதற்கு ஆகும் செலவில் இங்கே ஓராண்டு முழுதும் கேட்கலாம். இக்கணக்கு ஒன்றே அக்கூட்டத்தின் நோக்கத்தைக் காட்டும். இசையை விற்பது அங்கே வாழ்க்கைத் தொழில் அன்று. கரி விற்பதே தொழில். இசைக்கு அது காவல்.

நால்வர் போதும்

சிறிய கூடத்துக்கேற்ற இசை அக்காலத்தில் ஏராளமாகப் பிறந்தது. அவற்றுள் தலையாயது மூவர் சொனாட்டா. இரண்டு வயலின்களும் ஒரு கீழ்க்குரல் பகுதியும் கொண்டது என்பதால் இப்பெயர். ஆயின் வாசிப்பவர் நால்வர். கீழ்க்குரல் பகுதியை வயோல் அல்லது செல்லோ வாசிக்க, ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கன் அதனைத் தழுவி நிரப்பும்.

இந்நிரப்புதலில் ஒரு நுட்பம் உண்டு. இசையமைப்பாளர் ஹார்ப்சிகார்டுக்கு முழுமையாக எழுதித் தருவதில்லை. கீழ்க்குரல் வரியை மட்டும் எழுதி, அதன்மேல் எண்களைக் குறித்து வைப்பார். எந்த எண்ணுக்கு எந்தச் சுரச்சேர்க்கை என்பது இலக்கணம். அவ்விலக்கணத்துக்குள் நின்று, எவ்வளவு அடர்த்தி, எவ்விடத்தில் அமைதி, எங்கே அலங்காரம் என்பதை வாசிப்பவர் அந்தக் கணத்தில் முடிவு செய்வார். ஈற்றடியைக் கொடுத்துப் பாட்டை முடிக்கச் சொல்லும் புலவர் மரபை அறிந்தோர்க்கு இது புரியாததன்று. கொடுத்த அடி ஒன்றே; பாடுவார் ஆற்றலுக்கேற்பப் பாட்டு வேறு வேறு.

மூவர் சொனாட்டாவின் இலக்கணத்தை வகுத்தளித்தவர் போல விளங்கியவர் ரோமாபுரியில் வாழ்ந்த ஆர்க்காஞ்செலோ கொரெல்லி. அவருடைய முதல் தொகுதி 1681இல் வெளிவந்தது. வயலினுக்கான ஐந்தாம் தொகுதி 1700இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஹென்றி பர்செல் 1683இல் தம் சொனாட்டாக்களை வெளியிட்டபோது, இத்தாலிய ஆசிரியர்களைப் பின்பற்ற முயன்றதாக முன்னுரையில் வெளிப்படையாகவே கூறினார். பழைய ஆங்கில வயோல் மரபும் புதிய இத்தாலிய வயலின் மரபும் சந்தித்த காலம் அது. பிரிட்டனாரின் இசைத் தொகுப்பில் ஜென்கின்ஸ், லாக் முதலிய பழைய ஆங்கில ஆசிரியர்களும் பசானி, கொரெல்லி முதலிய இத்தாலியர்களும் அருகருகே இருந்தனர். அவற்றுள் பலவற்றை அவர் தம் கைப்படப் படியெடுத்திருந்தார். அச்சுப் பிரதிகள் அருகியும் விலை மிகுந்தும் இருந்த காலத்தில், படியெடுத்தலே சேர்த்தலுக்கு வழி. பகலில் கரி அளந்த கை மாலையில் சுரக்குறிகளை வரைந்தது.

பிரிட்டனார் தாமும் வயோல் வாசித்தார். ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி கூட்டவும் வல்லவர். குடல்தந்தி பூட்டிய வயோலும் மெல்லிய உலோகத்தந்தி பூட்டிய விர்ஜினலும் வெப்பமும் ஈரமும் மாறும்போதெல்லாம் சுருதி கலைபவை. கலைஞர்கள் வருமுன் கருவிகளைச் சீர்செய்து வைப்பதும் கூட்டம் நடத்துவதன் ஒரு பகுதியே. மேடையில் தெரியாத அவ்வேலையைத் தெரிந்து செய்தவர் அவர்.

வந்து வாசித்தோர்

அக்கூடத்தில் வாசித்தோருள் பானிஸ்டரின் மகனான வயலின் கலைஞரும், ஆர்கன் கலைஞர் பிலிப் ஹார்ட்டும் இருந்தனர். கலால் துறையில் கணக்கு அலுவலராகப் பணிபுரிந்துகொண்டே வயலின் பயின்ற ஹென்றி நீட்லர் போன்ற ஆர்வலர்களும் இருந்தனர். தொழில்முறைக் கலைஞரும் ஆர்வலரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பெர்லினிலிருந்து வந்து இலண்டனில் குடியேறிய ஜான் கிறிஸ்டபர் பெபுஷ் ஹார்ப்சிகார்ட் வாசித்தார். பிற்காலத்தில், 1728இல், ஜான் கேயின் பிச்சைக்காரர் இசைநாடகத்துக்கு இசை ஒழுங்கு செய்தவர் இவரே.

1710ஆம் ஆண்டின் இறுதியில் 25 வயது இளைஞர் ஒருவர் இலண்டனில் கால் வைத்தார். ஜார்ஜ் பிரெடரிக் ஹேண்டல் என்பது அவர் பெயர். 1711 பிப்ரவரியில் அவருடைய ரினால்டோ என்னும் இசைநாடகம் அரங்கேறி நகரையே ஈர்த்தது. அந்த ஹேண்டல் கரிக்கிடங்கின் மாடியேறி ஹார்ப்சிகார்ட் வாசித்தார் என்று ஹாக்கின்ஸ் கூறுகிறார்.

மற்றொரு காட்சி. மாத்யூ டுபூர்க் என்னும் சிறுவன் அக்கூடத்தில் முதன்முதலாகத் தனியே வயலின் வாசித்தான். உயரம் போதாமையால் ஒரு முக்காலியின்மேல் ஏற்றி நிறுத்தினர். வாசித்தது கொரெல்லியின் சொனாட்டா. எதிரே நிறைந்திருந்த அவையைக் கண்டு அஞ்சிய சிறுவன் முக்காலியிலிருந்து விழப்போனான் என்கிறார் ஹாக்கின்ஸ். விழவில்லை, வாசித்தான். வளர்ந்து அயர்லாந்தின் அரசு இசைக்குழுவுக்குத் தலைவரானான். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் ஹேண்டலின் மெசையா முதன்முதலாக அரங்கேறியபோது, வாத்தியக் குழுவை வயலினேந்தி நடத்தியவர் அதே டுபூர்க்.

கவிஞர் ஜான் ஹியூஸ்

அக்கூட்டத்தில் ஒரு கவிஞரும் இருந்தார். ஜான் ஹியூஸ் என்பது பெயர். அலுவலகப் பணியில் இருந்துகொண்டே கவிதை எழுதியவர், அடிசனும் ஸ்டீலும் நடத்திய ஸ்பெக்டேட்டர் இதழிலும் எழுதியவர், வயலினும் வாசித்தவர். இத்தாலிய மொழியில் மட்டுமே நயமான இசைப்பாடல் அமையும் என்று இலண்டன் இரசிகர் நம்பிய காலத்தில், ஆங்கிலச் சொல்லும் இசைக்கு இணங்கும் என்று அவர் வாதிட்டார். வாதிட்டதோடு நில்லாமல் எழுதியும் காட்டினார். பெபுஷ் 1710இல் வெளியிட்ட ஆங்கிலக் காண்டாட்டாக்களுக்குச் சொல் வழங்கியவருள் ஹியூஸ் முதன்மையானவர். ஹேண்டல் முதல்முறை இலண்டனை விட்டுச் சென்றிருந்த 1711ஆம் ஆண்டில், ஜெர்மனியிலிருந்து நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், ஹியூஸின் கவிதைகளை அனுப்பி வைக்குமாறு வேண்டியுள்ளார். ஆங்கிலம் கற்பதில் தாம் முன்னேறி வருவதாகவும் அதில் தெரிவித்துள்ளார்.

ஆங்கில மொழியில் உலகப் புகழ்பெற்ற இசைப்படைப்புகளைப் பின்னாளில் ஆக்கவிருந்த ஒருவர், அம்மொழியைக் கற்கும் தறுவாயில் கையில் வைத்துக்கொள்ள விரும்பியது ஒரு நண்பர்குழாத்துக் கவிஞரின் பாடல்களை என்பது சிந்திக்கத்தக்கது. ஹியூஸின் பெயரை இன்று கவிதை வாசகர் பலரும் அறியார். 1720 பிப்ரவரி 17 அன்று அவருடைய டமாஸ்கஸ் முற்றுகை என்னும் நாடகம் முதன்முதலாக மேடையேறிய இரவிலேயே அவர் காலமானார். ஆனால் ஒரு மொழியின் ஓசையை அயலார் ஒருவரின் செவியில் சேர்ப்பித்த பணி அவருடையது.

இரு நிலை

பிரிட்டனாரின் வாழ்வில் ஓவியர் வுலஸ்டனுடன் தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றை ஹாக்கின்ஸ் விரிவாகச் சொல்கிறார். ஒரு நாள் காலை மூட்டை விரைவில் காலியாகிவிட்டது. வார்விக் சந்தில் வாழ்ந்த நண்பர் வுலஸ்டனைக் காண விழைந்தார் பிரிட்டனார். ஆனால் அவர் தம்மை எப்போதும் இரு நிலையில் வைத்தே எண்ணிப் பழகியவர். கரி விற்பவர் என்பது ஒரு நிலை. உயர்ந்தோருக்குத் தோழர் என்பது மற்றொரு நிலை. கரிபடிந்த உடையோடு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டுவது அவ்வரம்பை மீறுவதாகும். எனவே வழக்கமான தடத்தை மாற்றி வார்விக் சந்தில் நுழைந்து, அங்கே கரி கூவினார். அத்தெருவில் அக்குரலை அதுவரை கேட்டிராத ஓவியர் சன்னலைத் திறந்து அவரை உள்ளே அழைத்தார். அப்போது எழுந்த எண்ணத்தின் பயனாக வரையப்பட்டதே, நீல அங்கியும் அளவு படியுமாக நிற்கும் பிரிட்டனாரின் ஓவியம். அது இன்று இலண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ளது. அதனைத் தழுவிச் செதுக்கிய அச்சுப்படத்தின் அடியில் பொறித்த கவிதை ஹியூஸ் எழுதியது.

இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாகவே பலர் எடுத்துரைப்பர். ஊன்றி நோக்கின் அதில் ஒரு வலி உண்டு. கோமகள் ஏறிவந்த மாடிக்கு உரியவர் அவர். பிரபுக்கள் அவருடைய சொல்லுக்குக் காத்திருந்தனர். ஆயினும் நண்பர் வீட்டுக் கதவைத் தாமாகத் தட்டத் தயங்கினார். தெருவில் நின்று கரி கூவுவதற்கு மட்டும் அவருக்கு ஐயமற்ற உரிமை இருந்தது; அவ்வுரிமையையே அழைப்புக்கு வழியாக்கிக்கொண்டார். வாரத்தில் ஒரு மாலை, ஒரு கூடத்துள், பிறப்பும் செல்வமும் சற்றே விலகி நின்றன. படியிறங்கியதும் அவை மீண்டும் வந்து சேர்ந்தன. கலை மனிதரைச் சமமாக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சமத்துவம் எத்தனை அடி நீளமான கூடத்துக்குள் செல்லும் என்பதை அளந்து காட்டுகிறது அவ்வரலாறு.

உயர்ந்தோர் கூடுமிடம் ஒரு கரிக்காரர் வீடாக இருப்பதைக் கண்ட அயலார்க்கு ஐயம் பிறந்தது. அரசுக்கு எதிரான சதிக்கூட்டம் என்றனர் சிலர். மாந்திரீகக் கூட்டம் என்றனர் வேறு சிலர். மறைந்து வாழும் யேசுசபையார் என்றும் நாத்திகர் என்றும் மாறிமாறிப் பழி வந்தது. உண்மையில் அவர்மேல் ஏற்றத்தக்க குற்றம் ஒன்றே: தம் நிலைக்கு மீறியவற்றை விரும்பினார் என்பது.

முடிவு

1714ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஆன் அரசியார் மறைந்தார். செப்டம்பரில் ஹானோவர் கோமகன் முதலாம் ஜார்ஜ் மன்னராக இலண்டன் வந்து சேர்ந்தார். நகரம் விழாக்கோலம் பூண்டிருந்த அம்மாதத்தில்தான் பிரிட்டனாரின் முடிவு நேர்ந்தது.

அவர் கூட்டத்தில் கலந்து வாசித்து வந்த ரோப் என்னும் நீதிபதி ஒரு வேடிக்கை செய்ய எண்ணினார். உதடசையாமல் வேறிடத்திலிருந்து குரல் வருவது போலப் பேசவல்ல ஹனிமன் என்னும் கொல்லரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். எங்கிருந்தோ வருவது போன்று ஒரு குரல், பிரிட்டனாரின் இறுதி நெருங்கிவிட்டது என்றும், உடனே மண்டியிட்டு இறைவேண்டல் செய்யாவிடில் தப்பவியலாது என்றும் அறிவித்தது. 70 வயது முதியவர் நடுங்கி மண்டியிட்டு வேண்டினார். பின்னர்ப் படுக்கையில் விழுந்தவர் சில நாட்களில் உயிர் நீத்தார் என்கிறார் ஹாக்கின்ஸ். அக்டோபர் முதல் நாள் கிளார்கன்வெல் புனித ஜேம்ஸ் ஆலய வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். வியாழக்கிழமைக் கூட்டத்தினர் பெருந்திரளாக உடன் சென்றனர்.

வேடிக்கை செய்தவர் பகைவர் அல்லர், கூட்டத்தில் ஒருவரே. தம்மோடு சமமாக அமர்ந்து வாசித்த முதியவரின் எளிய நம்பிக்கையை விளையாட்டுப் பொருளாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 36 ஆண்டுகள் படியேறி வந்தவர்களுள்ளும், அந்தப் படி எங்கே கொண்டு செல்கிறது என்பதை அறியாதவர் இருந்தனர்.

பிரிட்டனாருக்குப் பின் கூட்டம் தொடரவில்லை. அதற்கெனச் சட்டமில்லை, செயலரில்லை, வைப்புநிதியில்லை. ஒருவரே அனைத்துமாக இருந்தார். நூல்களில் ஒரு பகுதியை அவர் 1694இலேயே விற்றிருந்தார். எஞ்சிய நூல்களையும் கருவிகளையும் இசைச் சுவடிகளையும் அவருடைய மனைவி விற்க வேண்டியதாயிற்று. 1714 டிசம்பரில் இசைத் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. ஆர்கனும் விர்ஜினலும் வயோல்களும் வேறு வேறு வீடுகளுக்குப் போயின.

எஞ்சியது

எல்லாம் கலைந்தபின் ஒன்று எஞ்சியது: ஏலத்துக்காக அச்சிட்ட பட்டியல். விற்பனைக்கென எழுந்த அத்தாளை 62 ஆண்டுகளுக்குப் பின் ஹாக்கின்ஸ் தம் நூலில் முழுமையாகப் பதிப்பித்தார். பிரிட்டனாரின் கூடத்தில் என்னென்ன இசை ஒலித்திருக்கக்கூடும் என்பதை இன்று அறிய முடிவது அதனால்தான். கூட்டத்தார் எவரும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி வைக்கவில்லை. ஏலம் போட்டவர் எழுதிவைத்தார்.

கூட்டத்தில் பயின்றோர் வேறிடங்களில் தொடர்ந்தனர். பெபுஷும் நீட்லரும் பண்டை இசைக் கழகத்தில் முன்நின்றனர். 1726இல் தோன்றிய அக்கழகம், பழைய இசையைத் தேடி மீண்டும் பாடுவதையே நோக்கமாகக் கொண்டது. கட்டண இசை பெருமண்டபங்களுக்குச் சென்றது. 1791இல் ஹைடன் இலண்டன் வந்தபோது ஹனோவர் சதுக்க மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில் அவருடைய சிம்பொனிகள் ஒலித்தன. மண்டபம் பெருகப் பெருக ஹார்ப்சிகார்டின் மெல்லிய ஒலி எட்டாமற் போயிற்று, வயோல் மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் பழங்கருவிகளை மீட்டெடுத்தவர்கள், அவ்விசையைச் சிறுகூடத்தில் கேட்டாலன்றி அதன் பேச்சு புரியாது என்பதைக் கண்டுகொண்டனர்.

ஆகவே பழைய வீடுகள் மீண்டும் இசைக்குத் திறந்தன. இலண்டன் புரூக் தெரு 25ஆம் எண் வீட்டில் ஹேண்டல் 1723 முதல் 1759இல் தாம் மறையும்வரை வாழ்ந்தார். மெசையாவை 1741இல் 24 நாட்களில் எழுதியது அங்கேதான். இசைநாடகங்களின் ஒத்திகையை அவ்வீட்டு முதல்மாடிக் கூடத்தில் நடத்தினார். 1735இல் அல்சினாவின் ஒத்திகையைக் கேட்ட தோழி ஒருவர் வியந்து எழுதிய மடல் உள்ளது. 2001இல் அவ்வீடு அருங்காட்சியகமாயிற்று. ஹேண்டல் ஒத்திகை நடத்திய அதே கூடத்தில் சில பத்துப் பேர் நெருங்கியமர்ந்து ஹார்ப்சிகார்ட் இசை கேட்கும் நிகழ்ச்சிகள் அதன்பின் அங்கே நடந்து வந்துள்ளன.

பெருங்கலைஞரின் வீடு நிலைத்தது. கரி வணிகரின் வீடு நிலைக்கவில்லை. ஜெருசலேம் சந்தின் மூலையில் இன்றுள்ளது பிற்காலக் கட்டடம். அதன் சுவரில் ஒரு நினைவுப் பலகை மட்டும், அவ்விடத்தில் தாமஸ் பிரிட்டனின் வீடு இருந்தது என்று கூறுகிறது. வெளிப்படிக்கட்டும் தாழ்ந்த கூரையும் சிறு சன்னலும் போயின. முக்காலியில் நின்று நடுங்கிய சிறுவன் டப்ளினில் மெசையாவை நடத்தினான். வயலின் வாசித்த கவிஞரின் சொல் கடல் கடந்து ஹேண்டலின் மேசைக்குச் சென்றது. அவர்கள் ஏறிச் சென்ற படியைக் கட்டிக் காத்தவர், மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், வழக்கம்போல் நீல அங்கி அணிந்து கரி மூட்டையைத் தோளில் ஏற்றினார்.